‘குடிச்சே செத்தான்’ என்ற சொல்லுக்குள் மறையும் நோய்கள்

“குடிச்சே செத்தான்.” சேரியில் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஒருவர் போய்விட்டால் ஊர் வாசிக்கும் இரங்கல் பெரும்பாலும் இவ்வளவுதான். மூன்று மாதமாக அவருக்கு இருமல் இருந்தது, கால் வீங்கியிருந்தது, ராத்திரியெல்லாம் தூங்காமல் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் புதைந்துவிடும். எந்த நோயால் இறந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

நெம்மேலியைச் சுற்றி, கடலோரக் குப்பங்களிலும் பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே உள்ள குடியிருப்புகளிலும் நாங்கள் கூட்டம் போடப் போவோம். பட்டா, சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலைக் கூலி பாக்கி என்று பேச்சு ஓடும். கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மூன்று பெண்கள் மட்டும் போகாமல் நிற்பார்கள். அவர்கள் சொல்ல வந்தது மனுவில் எழுத முடியாத சங்கதி. அப்படி நின்ற ஓர் அம்மா சொன்னார்: “அண்ணா, அவரு குடிக்கிறாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா குடிக்காத அன்னிக்கும் அவரு ஒரு மாதிரியாத்தான் இருக்காரு.”

மருத்துவப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். கொரோனா காலத்தில் ‘இணை நோய்’ என்ற சொல்லை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தவர்களைக் கொரோனா அதிகம் தாக்கியது என்று தினமும் செய்தியில் கேட்டோம். மதுவுக்கும் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் அடிமையாகிப்போகும் நோய்க்கும் அப்படி இணை நோய்கள் உண்டு. மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு என்று மனதின் பக்கம் சில. காசநோய், கல்லீரல் நோய், நரம்புத் தளர்ச்சி, வலிப்பு என்று உடம்பின் பக்கம் சில. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் இரண்டும் குணமாகாது. இது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட சங்கதி. அமெரிக்காவில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மது நோய் கண்ட 100 பேரில் 37 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வேறு ஒரு மனநோயும் இருந்தது தெரியவந்தது. மற்ற போதைப் பொருட்களுக்கு அடிமையானவர்களில் அது 53 பேர்.

நம் நாட்டில் நோயைவிடப் பெரிய கணக்கு, சிகிச்சை கிடைக்காதவர்களின் கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மது நோய் உள்ளவர்களில் 100-க்கு 86 பேர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைக்கிறது. மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கப்படுபவர் 180-க்கு ஒருவர். குடிக்கே இந்த நிலைமை என்றால் அதன் இணை நோயை யார் தேடப்போகிறார்கள்?

முதலில் வந்தது எது?

குடித்ததால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் குடித்தாரா என்று கேட்டால் இரண்டும் உண்டு என்பதுதான் பதில். சிலருக்குத் துக்கமும் தூக்கமின்மையும் முதலில் வருகின்றன. ஒரு குவார்ட்டர் அதைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கிறது. மறுநாள் அதே துக்கம் இரட்டிப்பாகத் திரும்புகிறது, ஏனென்றால் மது மூளையைத் தளர்த்தும் பொருள். வேறு சிலருக்குக் குடி முதலில், சோர்வும் சந்தேகமும் அதன் பின்னால். இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கும் வீடுகளும் உண்டு. அந்த வேரைப் பற்றித்தான் இந்தப் பத்தியில் பேச வேண்டியிருக்கிறது.

டயேன் காஃபி, ஆசீஷ் குப்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள், உலக சுகாதார நிறுவனம் திரட்டிய இந்தியத் தரவுகளை எடுத்துச் சாதிவாரியாகப் பார்த்தார்கள். 2020-இல் அச்சான அந்த ஆய்வில், தலித்துகளும் முஸ்லிம்களும் உயர்சாதி இந்துக்களைவிட அதிகச் சோர்வையும் பதற்றத்தையும் சொல்லியிருந்தது தெரிந்தது. ஏழைகள் என்பதால்தானே என்று கேட்பீர்கள். படிப்பும் சொத்தும் ஒரே அளவில் உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு போகவில்லை. அவமானத்துக்கு ஒரு தனி எடை இருக்கிறது. வருமானம் உயர்ந்தாலும் அது தானாக இறங்குவதில்லை. படித்துவிட்டு வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையையும் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர் இறங்கும் முன் குடிக்கிறார். நாற்றத்தைத் தாங்கி உள்ளே கைவிட வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிரோடு மேலே வந்துவிட்டவரின் நுரையீரலுக்கும் தூக்கத்துக்கும் குடிக்கும் யார் கணக்கு வைக்கிறார்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் இரவுக் காவல் பார்ப்பவர், மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் கல் தூசியை விழுங்குகிறவர், கட்டட வேலைக்குச் சித்தாளாகவும் பெரியாளாகவும் கேளம்பாக்கம், சிறுசேரி போகிறவர் என்று ஒவ்வொருவர் உடம்பு வலிக்கும் மாலை ஆறு மணிக்கு ஒரே மருந்துதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேசாமல் மனதைப் பற்றிப் பேச முடியாது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892-இல் பஞ்சமி நிலங்கள் வழங்க வழி பிறந்தது. அந்த நிலங்களை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். கடற்கரைச் சாலையின் இருபுறமும் சென்ட் கணக்கில் விலை பேசும் இடத்தில், பாட்டன் உழுத நிலத்து வாசலில் பேரன் விசில் ஊதிக் கார்களை உள்ளே அனுப்புகிறான். அவன் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தால், தூக்கம் வராததற்கு மாத்திரை மட்டும் போதாது. ஆனால் மாத்திரையும் வேண்டும். நம் தோழர்கள் சிலர் ‘எல்லாம் சமூகப் பிரச்சினை, மருந்து எதற்கு’ என்று பேசும்போது எங்களுக்கு உடன்பாடில்லை. புண்ணுக்குக் காரணம் செருப்பு என்று தெரிந்தாலும் புண்ணுக்கு மருந்து போட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள்

ஊரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தினமும் குடிக்கிற, காலையில் எழுந்ததும் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒருவர், திடீரென்று நிறுத்துகிறார். கோயிலில் கயிறு கட்டியிருப்பார். மேல்மருவத்தூருக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டிருப்பார். அல்லது கையில் காசில்லை, போலீஸ் பிடித்துப்போனது, காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று ஏதோ ஒரு காரணம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் இன்னும் சிலருக்கு நிலை தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, பாயில் பாம்பு கிடக்கிறது என்பார். செத்துப்போன தகப்பனோடு பேசுவார். பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும்.

ஊர் சொல்லும்: “காத்து கருப்பு பட்டிருக்கு.” “விரதம் கெட்டுப்போச்சி, சாமி குத்தம்.” பூசாரி வருவார், வேப்பிலை வரும், கயிற்றால் கட்டிலோடு கட்டுவார்கள். இது பேயும் அல்ல, சாமியும் அல்ல. பல வருடமாக மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று இல்லாமல் போனதும் கட்டுக்கு அடங்காமல் ஓடுகிற ஓட்டம். உயிரை வாங்கக்கூடிய அவசர நிலை. மருத்துவமனையில் உரிய மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் நீர்ச்சத்தும் கொடுத்தால் சில நாட்களில் பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள்.

ஆகவே மாலை போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அந்த 48 நாள்தான் வருடத்தில் நிம்மதியான நாட்கள். காலையிலேயே குடிக்கும் அளவுக்குப் போனவர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் கட்டிப்போடாமல், வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கட்டிப்போடுவதன் முடிவு என்ன என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இன்று சட்டம் எந்த மனநோயாளியையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. ‘குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரில் எழுதி, செல்போன் எண் போட்டு விற்கும் பொடிகளும் சொட்டுகளும் இருக்கின்றன. குடியை நிறுத்த உதவும் மாத்திரை ஒன்று மருத்துவத்தில் உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டு மேலே மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் வரை பாதிக்கும். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ஈரலைச் சோதித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாத பொடியில் அது இருக்கிறதா, வேறு எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாம்பாரில் கலக்கும் அக்காமார்களின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சாம்பார் கொலையாக முடியலாம்.

உடம்பு சொல்லும் கணக்கு

காசநோயும் குடியும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே வருகின்றன. அதிகமாகக் குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காற்றில்லாத ஒற்றை அறை வீடும் வயிற்றுக்குப் போதாத சாப்பாடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காசநோய் மாத்திரை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த மருந்துகளில் சில கல்லீரலைச் சோதிப்பவை. ஏற்கனவே மது அரித்த கல்லீரலுக்கு அது இரண்டாவது சுமை. மஞ்சள் காமாலை கண்டதும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார், மதுவை நிறுத்துவதில்லை. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. அதை வாங்கித்தரும் சுகாதாரப் பணியாளர், குடியைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கப் பழகினால் பாதி வேலை முடியும்.

பி1 வைட்டமின் குறைவு யாரும் பேசாத விஷயம். சோறு தின்னாமல் குடிப்பவருக்கு அது வற்றிப்போகிறது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், கண்பார்வை இரட்டையாகும். கவனிக்காமல் விட்டால் நினைவு கலைந்து, நேற்று நடந்தது மறந்து, நடக்காததை நடந்ததாகச் சொல்வார். வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. மூளை தன் ஓட்டைகளைத் தானே இட்டு நிரப்புகிறது. ஊரோ ‘குடிகாரன் பேச்சு’ என்று சிரிக்கிறது. மயங்கிக் கிடப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி போட வேண்டும் என்பது மருத்துவர்கள் அறிந்த விதி. ஆனால் அவர் குடிப்பவர் என்பதை வீட்டார் வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிடுங்கள். மருத்துவர் திட்டினாலும் சொல்லிவிடுங்கள்.

சாராயத்தில் கலக்கும் மெத்தனால் வேறு ரகம். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வயிற்று வலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தொடங்கும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே மீனவர் ஊரான எக்கியார்குப்பத்திலும், நம் மாவட்டத்தில் சித்தாமூர் அருகே பெருங்கரணையிலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் பக்கம் இறந்தவர்களில் இருளர் குடும்பத்தினர் உண்டு. மறுவருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள், நம்மவர்கள். தலைக்கு 10 லட்சம் ரூபாய் அரசு அறிவித்ததும் ‘குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா’ என்று எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. விமான விபத்தில் இறந்தவரிடம் யாரும் ஏன் ஏறினாய் என்று கேட்பதில்லை. அந்தக் கூச்சலில் ஒரு கேள்வி அடியோடு காணாமல் போனது. பிழைத்துக்கொண்டவர்களின் கண், சிறுநீரகம், அடுத்தடுத்து அப்பனையும் அம்மாவையும் எரித்த பிள்ளைகளின் மனம், இவற்றை யார் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்ற கேள்வி.

இளைஞர்களும் மாத்திரையும்

கல்லூரி மாணவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள் என்பதால் இதை நேராகச் சொல்கிறோம். கஞ்சா மூலிகைதானே, அதில் என்ன என்ற பேச்சு உங்களிடையே ஓடுகிறது. பதின்ம வயதில், அடிக்கடி, வீரியம் கூடிய கஞ்சா பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதற்குப் பல நாட்டு ஆய்வுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் வராது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றுவது நம் மாநிலத்தில் பரவிவருகிறது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து கிடைக்கும்.

ஜூன் 26 வந்தால் ஊர்வலம் போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். ‘போதை அழிவின் பாதை’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளையின் வீட்டிலேயே ஒருவர் அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருப்பார். எந்தக் கிழமை எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்றையாவது ஊர்வலத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சைக்கு வராதவர்கள் உண்டு. நம் தெருப் பையன் சட்டைப் பையைத்தான் போலீஸ் முதலில் தடவும் என்பதால் அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பிரிவை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் பேச உதவும்.

இரண்டு வாசல்

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையனுக்கு இருபத்திரண்டு வயது. கஞ்சா பிடிப்பான். காதில் குரல் கேட்கிறது, தன்னைப் பற்றி டி.வி.யில் பேசுகிறார்கள் என்பான். ஒரு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். “முதல்ல போதைய நிறுத்திட்டு வாங்க” என்றார்கள். தனியார் போதை மீட்பு மையம் ஒன்றுக்குப் போனார்கள். “மென்டல் கேஸ் நாங்க எடுக்கிறதில்ல” என்றார்கள். இன்னொரு மையம் எடுத்துக்கொண்டது, முன்பணமும் வாங்கியது. பத்து நாளில் பையன் முதுகில் தடிப்போடு திரும்பி வந்தான். அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது.

குடியை நிறுத்திய பிறகு இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, சோர்வு தானாகப் போகிறதா என்று பார்ப்பது மருத்துவத்தில் உள்ள வழக்கம்தான். மதுவால் வந்த சோர்வு சிலருக்கு மதுவோடு போய்விடும். ஆனால் காத்திருப்பது என்றால் திருப்பி அனுப்புவது என்று பொருளல்ல. குரல் கேட்கிறவரும், சாக வேண்டும் என்று சொல்கிறவரும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டு நோயையும் ஒரே இடத்தில், ஒரே குழு, ஒரே சமயத்தில் பார்ப்பதே சரியான முறை என்று உலகெங்கும் இப்போது ஏற்கப்பட்டிருக்கிறது.

நம் சட்டமும் அதையே சொல்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே ‘இது போதை கேஸ், மனநல கேஸ் இல்லை’ என்று பிரிக்கவே இடமில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சாதியின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. நோயாளியின் மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு மனநல சேவை இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவு அரசைச் சேர்ந்தது.

ஆனால் சட்டத்துக்கு பஸ் கிடைக்க வேண்டுமே. நெம்மேலியிலிருந்து திருப்போரூர் போய், அங்கிருந்து பஸ் மாறிச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், கூட வருபவரின் கூலி தனி. இதே ஊர்க் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு இருக்கின்றன. 2013-இல் தொடங்கியது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் திறந்தது 15 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரைச் சென்னைக்குக் குழாயில் கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவரை இந்தப் பக்கம் கொண்டுவருவது கடினமா? டாஸ்மாக் மூலம் வருடத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. விற்கிற கை மருந்தையும் நீட்ட வேண்டும்.

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே குடிப்பவர்களோடு பேசவைத்தது. அதிகபட்சம் நாலு தடவை. 377 ஆண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான அந்த ஆய்வில், பேச்சுத் துணை கிடைத்தவர்களில் 100-க்கு 36 பேர் மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 பேர். மனச்சிதைவு நோயாளிகளை ஊர்க்காரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்த இன்னொரு ஆய்வு, 282 பேரோடு மூன்று இடங்களில் நடந்தது. அதில் ஒன்று பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்கள், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் பங்கேற்றது. மூன்று இடங்களில் பலன் நன்றாகத் தெரிந்தது நம் கிராமங்களில்தான். பக்கத்திலேயே கோவளம், திருவிடந்தைப் பகுதியில் ‘தி பேன்யன்’ அமைப்பு பல வருடங்களாகச் சமூக மனநலப் பணி செய்துவருகிறது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். நல்ல பெயர். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஒன்று தெரியும்: வெளிச்சம் கடலில் இருப்பவன் கண்ணில் பட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். அந்தப் பையில் மனநல மாத்திரைக்கும் இடம் இருக்கிறது. அந்த அக்காக்களின் பதிவேட்டில் தூக்கம், குடி, சோர்வு என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும்.

அதுவரை வீட்டில் யாருக்காவது நிலைமை மோசமானால் 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதைப் பழக்கத்துக்கென்று 14446. தமிழக அரசின் 104-ம் உண்டு. தற்கொலை எண்ணத்தைச் சொல்கிறவரிடம் ‘போதையில உளறாதே’ என்று சொல்லாமல் இந்த எண்களை அழுத்திக் கையில் கொடுங்கள். முயன்று பிழைத்தவர் மீது வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாமல் இருக்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

குடிப்பவரின் மனைவிக்கும் இதே எண்கள்தான். அவர் தூங்கி எத்தனை மாதம் ஆனது என்று கேட்க ஆளில்லை. கூட்டம் முடிந்து நின்ற அம்மாக்களிடம் நாங்கள் கேட்டபோது முதலில் சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். நோயாளிச் சீட்டில் ‘குடிகாரர்’ என்று மட்டும் எழுதி அனுப்பும் பழக்கமும் போக வேண்டும். சீட்டை வாங்கும்போது, என்ன நோய் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உரிமை உண்டு.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளுக்கு ஒரு தீர்மானம் தயார் செய்யுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறிப்பிட்ட கிழமையில் வர வேண்டும், போதை நோய்க்கும் மனநோய்க்கும் அன்றைக்கே ஒரே இடத்தில் பார்க்க வேண்டும், மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும் என்று எழுதுங்கள். பெண்கள் பேசட்டும். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று எழுந்து போகும் முன் பார்த்துவிடுங்கள்.